ஊருக்கு ஆகாதவர் என் பிள்ளைக்கு மட்டும் ஆகிவிட்டார்

கேள்வி

அன்புள்ள ரீச்சருக்கு,

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நான்காம் தட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் கட்டாரில். நான் காலி வீதியில் ஒரு புடவைக்கடையில் காசாளர். கடை பூட்டி வீடு வர இரவு எட்டரை ஆகிவிடும். மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் தரம். இரண்டு வருடத்துக்கு முன்தான் வவுனியாவிலிருந்து வந்தோம். இங்கே அவனுக்கு ஒரு சிநேகிதனும் இல்லை. பள்ளிக்கூட வான் இரண்டு மணிக்கு இறக்கிவிடும். அம்மம்மா வீட்டில் இருக்கிறார், ஆனால் காது மந்தம். மத்தியானம் கண்ணயர்ந்தால் பெல் அடித்தாலும் எழும்பமாட்டார்.

எங்கள் எதிர்க் கதவில் அறுபது தாண்டிய ஒருவர் தனியாக இருக்கிறார். கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கலியாணம் கட்டாதவர். சுயநலத்தில் இந்தக் கட்டடத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. தண்ணீர் மோட்டர் பழுதானபோது எல்லா வீட்டாரும் காசு போட்டோம். "நான் ஒரு ஆள், எனக்கு இரண்டு வாளி போதும்" என்று கதவைச் சாத்திவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து சொந்த அக்கா கண் ஒப்பரேசனுக்கு வந்தபோது, மூன்று அறை வீட்டை வைத்துக்கொண்டு அந்த அம்மாவை லொட்ஜில் தங்கவிட்டவர்.

அப்படிப்பட்டவரோடுதான் என் மகன் சிநேகிதம். ஒருநாள் படிக்கட்டில் இருந்து சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தவனை ஏச வெளியே வந்தாராம். ஏசி முடித்துவிட்டு, "உனக்குக் கண் நல்லாத் தெரியுமோ?" என்று கேட்டாராம். அவருக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை. பல்கனியில் இருந்து பைனாகுலரால் கடலில் நிற்கும் கப்பல்களைப் பார்த்துப் பழைய லெட்ஜர் ஒன்றில் குறித்துவைப்பது அவர் பழக்கம். இப்போது மங்கலாகத்தான் தெரிகிறதாம். ஆகவே இவன் பார்த்து நிறத்தையும் உருவத்தையும் சொல்ல, அவர் அது என்ன கப்பல் என்று சொல்ல, இவனே எழுதுகிறான். வீட்டுக்கு வந்தாலும் இதே கதைதான். பச்சை உடம்பென்றால் எவர்கிறீன் கொம்பனிக் கப்பல், இளநீலம் என்றால் மேர்ஸ்க் கொம்பனி. 2024இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பாலத்தை இடித்து விழுத்திய கப்பல், கொழும்புக்கு வரப் புறப்பட்ட கப்பலாம்.

மாம்பழக் காலத்தில் கறுத்தக்கொழும்பான் வாங்கி, இவன் பார்த்துக்கொண்டிருக்கத் தானே வெட்டிச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையை இவனிடம் கொடுத்திருக்கிறார். இவன் அதைச் சூப்பிக்கொண்டு சந்தோசமாக வந்து நிற்கிறான். எனக்கு வயிறு எரிந்தது.

போன மாதம் இல்ல விளையாட்டுப் போட்டி. "வாறன்" என்று சொன்னவர் வரவில்லை. பிள்ளை ஓட்டத்தில் மூன்றாவதாக வந்துவிட்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவரைத் தேடிக்கொண்டே நின்றான். அடுத்த நாள் போய் "ஏன் அங்கிள் வரேல்லை?" என்று கேட்டானாம். "சரியான வெயில். வர மனமில்லை" என்றாராம். அதற்குப் பிறகும் போகிறான். என் பிள்ளைக்கு ரோசமே இல்லையா ரீச்சர்? என்னோடு நாலு வார்த்தை கதைக்காதவன் அவரோடு மணிக்கணக்கில் கதைக்கிறான். அடுத்த மாதம் அவருக்குக் கண் ஒப்பரேசன். கண் தெளிந்த பிறகு என் பிள்ளை அவருக்கு எதற்கு? காலமும் கெட்டுக் கிடக்கிறது, பயமாகவும் இருக்கிறது. இப்போதே நிறுத்திவிடட்டுமா?

ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்

தங்கச்சி, கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன பயத்தை முதலில் எடுப்போம். அது நியாயமான பயம். ஒரு மனிதரைச் சந்தேகிக்கிறோமே என்று நீங்கள் சங்கடப்படத் தேவையில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை தனியாக இருக்கும் பெரியவர் ஒருவரின் வீட்டுக்குப் போய்வருகிறான் என்றால், அவர் தெய்வமே ஆனாலும் சில ஒழுங்குகள் வேண்டும். அவன் அங்கே இருக்கும் நேரம் இரண்டு வீட்டு மரக்கதவும் திறந்திருக்கட்டும், கிறில் கதவு மட்டும் சாத்தியிருக்கட்டும். பல்கனியும் முன் ஹோலும் தவிர உள் அறைக்குப் போகக் கூடாது. அம்மம்மாவை எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், இன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும். கடையில் லீவு கிடைக்கும் நாளில் சொல்லாமல் ஒருமுறை போய் எட்டிப் பாருங்கள்.

மகனிடமும் கதையுங்கள். விசாரணை மாதிரி வேண்டாம், சோறு போடும்போது கதைத்தால் போதும். உடம்பைத் தொடுவது பற்றி அவனுக்கு விளங்கும்படி சொல்லுங்கள். "அம்மாவிடம் சொல்லாதே" என்று யார் எதைச் சொன்னாலும் அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பது அவன் மனத்தில் பதிய வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் எல்லாத் தாய்மாருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரரிடம் இந்த ஒழுங்குகளை நேரே சொல்லிவிடுங்கள். முணுமுணுப்பார், அது அவர் சுபாவம். கதவைத் திறந்து வைக்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றால் மட்டும் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், என்னைக் கேட்கவே வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கதைப்போம். அப்படி என்றால், நிறுத்தாதீர்கள்.

உங்கள் மகனின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். வான்கார அண்ணா ஆட்களை எண்ணி ஏற்றுகிறார். வகுப்பில் ஆசிரியர் கொப்பி திருத்துகிறார். அம்மம்மா சோறு போடுகிறார். அப்பா வட்ஸ்அப்பில் "நல்லாப் படிக்கிறியோ?" என்று கேட்கிறார். எட்டரைக்குக் களைத்து விழுந்து வரும் நீங்கள் வீட்டுவேலை செய்தாயிற்றா என்று கேட்கிறீர்கள். எல்லாரும் அவனுக்காகத்தான் ஓடுகிறீர்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இத்தனை பேரில் ஒருவருக்காவது அவனால் ஆகவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறதா? வவுனியாவில் இருந்திருக்கும். கோழியை அடைக்க, கடைக்கு ஓட, பெரியம்மா வீட்டுக்குக் கறி கொண்டுபோய்க் கொடுக்க, "டேய், இங்க வா" என்று கூப்பிட ஆள் இருந்திருக்கும். வெள்ளவத்தை ஒழுங்கையில் வாகனம் நிறுத்தவே இடமில்லை, பிள்ளை எங்கே ஓடுவது? கண்ணுக்கு எதிரே கடல் இருக்கிறது. மரைன் டிரைவையும் ரயில் பாதையையும் தாண்டித் தனியே விட முடியுமா? அந்தப் பிள்ளை நான்காம் தட்டுப் படிக்கட்டில் பந்தோடு இருந்தான். அப்போது ஒரு மனிதர் வந்து உன் கண் எனக்குத் தேவை என்கிறார்.

அவர் அதைத் தன் வசதிக்காகத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் அது பிள்ளையின் மனத்தில் போய்த் தைத்தது என்பது என் எண்ணம். பாவம் பார்த்து வரும் அன்பைத் தனித்துப் போன பிள்ளைகள் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். தலையைத் தடவி, சொக்லேட் தந்து, "நல்ல பிள்ளை" என்று சொல்லும் பெரியவர்கள் அடுத்த நிமிடம் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள் என்றும் அவர்களுக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரர் அப்படி நடிக்கத் தெரியாதவர். கட்டடத்தில் எல்லாருக்கும் கதவைச் சாத்துகிறவர் என்பதை உங்கள் மகனும் பார்த்திருக்கிறான். அலுத்தால் தன்னையும் வெளியே போகச் சொல்லிவிடுவார் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் போகச் சொல்லவில்லை, நாளைக்கும் கதவைத் திறக்கிறார். தன்னோடு இருப்பது ஒருவருக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கு ஒரு பிள்ளைக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மாங்கொட்டை விஷயத்தில் உங்கள் வயிற்றெரிச்சல் எனக்கு விளங்குகிறது. தாய் மனம் அப்படித்தான். ஆனாலும் நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது வீட்டில் மாம்பழம் வெட்டினால் எதற்கு அடிபட்டோம்? கொட்டைக்குத்தானே. விருந்தாளிக்குத் தட்டில் துண்டு வைத்துக் கொடுப்பார்கள். கொட்டை வீட்டுப் பிள்ளைக்கு. மணிக்கட்டு வரை சாறு வழிய, நார் பல்லில் சிக்க, வெள்ளையாகும் வரைக்கும் சூப்பியிருப்பான். அந்த மனிதர் அவ்வளவு யோசித்துக் கொடுத்திருக்கமாட்டார், நல்ல பகுதியைத் தான் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைத் தந்திருப்பார். ஆனால் பிள்ளை அதை வாங்கிய விதம் வேறு. அடுத்த மாம்பழக் காலத்தில் அவன் கையில் ஒரு துண்டும் இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள், அறிய ஆசையாக இருக்கிறது.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வறுமை, பெற்றோரின் சண்டை, வீட்டில் மனநோய் என்று பல கஷ்டங்கள் ஒன்றாகச் சேர்ந்து அமுக்கிய பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் பரிவும் உள்ள பெரியவர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தவை எவை என்று தேடியபோது திரும்பத் திரும்ப வந்த ஒன்று, தங்கள் மேல் அக்கறை வைத்த ஒரு பெரியவராவது அவர்களுக்கு நிலையாக இருந்தார் என்பது. பெற்றோராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. பாட்டியாக, ஆசிரியராக, அயல்வீட்டவராக இருந்தாலும் போதுமாக இருந்தது. உங்கள் மகனுக்கு அந்தப் பிள்ளைகளின் கஷ்டம் இல்லை, நல்ல தாய் இருக்கிறீர்கள். ஆனால் பகல் இரண்டு மணி தொடங்கி இரவு எட்டரை வரை நீங்கள் இல்லை. அந்த ஆறரை மணி நேரத்தில் அவன் தானாகத் தேடிப் பிடித்த ஆளை, ஊர் சொல்வதற்காக வெட்டிவிடாதீர்கள்.

இனி விளையாட்டுப் போட்டி. பிள்ளைக்கு ரோசம் இருக்கிறது தங்கச்சி. ரோசம் இல்லாதவன் அடுத்த நாள் போய் "ஏன் வரேல்லை?" என்று முகத்துக்கு நேரே கேட்கமாட்டான். பெரியவர்களான நாங்களே அதைக் கேட்காமல் வருடக்கணக்காக மனதுக்குள் வைத்திருந்து உறவை முறித்துக்கொள்கிறோம். அவன் கேட்டான், அவரும் உண்மையைச் சொன்னார். வேலை வந்தது, காய்ச்சல் என்று அவர் புளுகியிருந்தால் அன்றைக்கே அவனுக்கு விட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் வருகிறேன், அடுத்த மாதம் வருகிறேன் என்று தொலைபேசியில் கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு உண்மை கசந்தாலும் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று. உங்கள் கணவரைக் குறை சொல்வதாக எடுக்காதீர்கள். லீவு அவர் கையில் இல்லை.

அதற்காக நான் அந்த மனிதருக்கு வக்காலத்து வாங்கவில்லை. அவர் செய்தது பெரிய பிழை. ஓடி முடித்த பிள்ளை கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டு நிற்பதை நான் படிப்பித்த காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். மூன்றாம் இடத்துக்கான றிபனைக் கையில் வைத்துக்கொண்டு காட்ட ஆளில்லாமல் நிற்பது சின்னத் துக்கமில்லை. இதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும், அவராக உணரமாட்டார். நீங்கள் சொல்லுங்கள். பிள்ளை பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கதவைத் தட்டி, "ஐயா, அன்றைக்கு மகன் ஓடி முடித்துவிட்டு உங்களைத்தான் தேடினான். வர ஏலாதென்றால் முதலே ஏலாது என்று சொல்லுங்கோ, அவன் தாங்குவான். வாறன் என்று சொல்லிவிட்டு வராமல் விடாதேங்கோ" என்று சொல்லுங்கள். இவ்வளவும் போதும். மோட்டர் காசையும் அக்காவின் லொட்ஜையும் அந்த நேரத்தில் இழுக்கவேண்டாம். அவர் பதில் சொல்லாமல் கதவைச் சாத்தினாலும் பரவாயில்லை, காதில் விழுந்திருக்கும்.

கண் ஒப்பரேசனுக்குப் பிறகு என்ன ஆகும்? உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்த கேள்வி இதுதான். கண் தெளிந்து, இனி நீ தேவையில்லை என்று அவர் சொல்லிவிடவும் கூடும். சொல்லமாட்டார் என்று நான் எழுதினால் அது உங்களை ஆறுதல்படுத்த எழுதுவதாகிவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெண்புரை எடுத்தவர் சில வாரங்களுக்கு நேரம் தவறாமல் கண்ணுக்கு மருந்து விடவேண்டும், குனிந்து பாரம் தூக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. தனி ஆளுக்கு அது கஷ்டம். இரவு மருந்தை நீங்கள் விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நேரச் சோறு கொடுத்துவிடுங்கள். மருந்து விடும் நேரத்தை மகன் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும், போத்தலை மட்டும் அவன் தொடவேண்டாம். அந்த வாரங்களில் கொப்பியும் கடலும் அவன் பொறுப்பில்தான் இருக்கும். வேண்டியதை எடுத்துப் பழகிய மனிதர், கேட்காமலே கிடைப்பதை வாங்க நேரும்போது எப்படி மாறுவார் என்று பார்ப்போம். மாறாவிட்டால், பிள்ளை அழுவான். அழட்டும், நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள்.

உங்களோடு ஏன் கதைப்பதில்லை என்றும் கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உங்கள் வீட்டு யன்னலில் நின்று "அது என்ன கப்பல் தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். பாடம், மார்க்ஸ், புலமைப்பரிசில் எதுவும் அந்த அரை மணி நேரத்துக்குள் வரக் கூடாது. அடுத்த வருடம் ஐந்தாம் தரம் என்று சொல்லி ரியூசன்காரர் முதலில் வெட்டச் சொல்வது இந்தக் கப்பல் நேரத்தைத்தான். விட்டுக்கொடுக்காதீர்கள். அதே நேரம் அவன் வயதுப் பிள்ளைகளும் அவனுக்கு வேண்டும். அறநெறிப் பாடசாலைக்கு அனுப்புங்கள். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் உங்களுக்குத் தூரமில்லை, கப்பல் படம் போட்ட புத்தகம் இருக்கிறதா என்று அவனே போய்க் கேட்கட்டும். பெரியவர் ஒருவர் மட்டுமே சிநேகிதர் என்றால் அது அவனுக்கும் போதாது, அவருக்கும் பாரம்.

கேள்வி

ரீச்சர், எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஒழுங்கை முனையில் கடை வைத்திருக்கும் அன்ரிதான் என்னுடைய ஒரே சிநேகிதி. அவ சரியான கஞ்சம், எல்லாரையும் ஏசுவா. எனக்கு ஒரு டொபிகூடச் சும்மா தந்ததில்லை. ஆனால் நான் போனால் முக்காலியை இழுத்துப் போடுவா, கணக்குப் பார்க்கவும் விடுவா. வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இது பிழையா? அவவின் பிறந்தநாளுக்கு அட்டை கொடுக்க ஆசை. காசை வீணாக்கினாய் என்று ஏசுவாவோ?

மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்

பிழையே இல்லை மகள். கடையில் இருக்கும் நேரம் அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் போதும். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற ஐயா ஒருவர் இருந்தார். மணிக் கம்பியை அதிபரைத் தவிர ஒருவரையும் தொடவிடமாட்டார், பிள்ளைகளைக் கண்டாலே விரட்டுவார். வகுப்பில் வாய் திறக்காத ஒரு பெண்பிள்ளை இடைவேளை முழுவதும் அவருக்குப் பக்கத்தில்தான் நிற்பாள். தவணை முடிவதற்குள் அவள் மணி அடித்தாள். அவளைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள் பிறகு அவளிடம் வந்து "என்னையும் அடிக்க விடச் சொல்லு" என்று கெஞ்சினார்கள். அவளுக்கு அப்படித்தான் மற்றச் சிநேகிதிகள் கிடைத்தார்கள். உன்னோடு சிரிக்காமல் இருக்கும் பிள்ளை வகுப்பில் ஒருத்தியாவது இருப்பாள். அவளை ஒருநாள் கடைக்குக் கூட்டிப்போய் அன்ரியிடம் காட்டு. அன்ரி அவளையும் ஏசுவா, நீ முதலே சொல்லிவை.

அட்டைக்கு ஏசுவாவா என்றால், கட்டாயம் ஏசுவா. கடையில் வாங்காதே. கொப்பியின் நடுத்தாளைக் கழற்றி மடித்துக் கடையையும் முக்காலியையும் கீறு. உள்ளே அவவின் பெயரை எழுதி, கீழே உன் பெயரையும் போடு. பின்னேரம் சனம் குறைந்த நேரமாகப் பார்த்துக் கொடு.